கிணற்று முறையில் பாட்டு கேட்ட வீடு

எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் பாட்டு கேட்பதற்கு முறை வைத்திருந்தார்கள். பொதுக் கிணற்றில் இன்னார் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை மோட்டார் போடலாம் என்று வைப்பார்களே, அதே முறை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது நான் ஜெயித்துவிட்டேன், அதனால் சொல்லலாம்.

தென்காசியில் அப்பா கட்டிய வீடு அது. ஒரே கதவு எண், மூன்று சமையலறை. மாடியில் பெரிய அண்ணன், போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே முன்பக்கம் சின்ன அண்ணன், செங்கோட்டையில் டயர் கடை வைத்திருக்கிறான். பின்கட்டில் நான். கல்யாணமாகிப் போனவள் ஒன்பது வருஷத்தில் திரும்பி வந்தேன். ஏன் என்பது இங்கே வேண்டாம். பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர் வேலை. கழுத்தில் விசில் தொங்குகிறவளை ஐயோ பாவம் என்று பார்க்க யாருக்கும் தைரியம் வருவதில்லை, அது ஒரு சௌகரியம். தம்பி ராணுவத்தில் இருக்கிறான். இந்தப் பாட்டு விவகாரத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அவன்தான்.

ஒரு லீவுக்கு வந்தவன், ஒரு பாட்டுச் செயலியில் குடும்பத்துக்கு என்று உள்ள திட்டத்தைப் பெரிய அண்ணன் போனில் அவர் பெயரிலேயே எடுத்துக் கொடுத்தான். ‘மத்த எல்லாருக்கும் லிங்க் அனுப்புதேன், தொட்டாப் போதும்’ என்று சொல்லிவிட்டு ரயிலேறினான். போகிற வழியிலேயே வீட்டு வாட்சப் குழுவில் லிங்க் வந்தது. பின்னாலேயே பெரிய அண்ணனின் குரல் பதிவும் வந்தது.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. தம்பி நம்பர்ல இருந்து ஒரு லிங்க் வந்திருக்கு. அவன்தான் அனுப்பினானா, அவன் போனை எவனாவது அமுக்கிட்டு அனுப்புதானா, தெரியாது. ஒருத்தரும் தொடக் கூடாது. தொட்டா பேங்க்ல உள்ளது பூரா போயிரும். இந்த மாதிரி எத்தனை கேஸ் பாத்திருக்கேன்.”

முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர் சொன்னால் யார் தொடுவார்கள்? எல்லோரும் அழித்துவிட்டோம். தம்பி முகாமுக்குப் போய்ச் சேர்ந்து அவன் பாட்டை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே அண்ணன் தன்னுடைய பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கீழே காலண்டர் ஆணியில் குத்திவைத்தார். “பாட்டு கேக்கணும்னா இதைப் போட்டுக் கேளுங்க. இது போதும்” என்றார். ஒரு கிணறு, ஒரு மோட்டார், மூன்று வாய்க்கால். வயல்காட்டுக் குடும்பத்துக்கு அது இயல்பாகத்தான் பட்டது.

பிரச்சினை மறுநாளே தொடங்கியது. ஒரு போனில் பாட்டு ஓடும்போது இன்னொருவர் தன் போனில் ஓடவிட்டால் முதல் பாட்டு நின்றுவிடும். நான் கேட்கும்போது சின்ன அண்ணன் காரில் ஏறுவான், என் பாட்டு நிற்கும். நான் மறுபடி அமுக்குவேன், காரில் நிற்கும். ஒருநாள் செங்கோட்டை ரயில்வே கேட் முன்னால் நின்றுகொண்டு எனக்கு போன் போட்டுக் கத்தினான். அன்றைக்கு சாயங்காலமே பெரிய அண்ணன் உட்கார்ந்து முறை போட்டார்.

சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிணறும் நிலமும் உண்டு. அப்பாவும் சித்தப்பாக்களும் அதில் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒருத்தர் நேரம் முடிந்ததும் அடுத்தவர் வரப்பில் வந்து நின்று, ‘முறை முடிஞ்சிட்டு’ என்பார். மறுபேச்சில்லாமல் மோட்டாரை அமர்த்தி நிறுத்த வேண்டும். அந்த முறையில் பெண்பிள்ளைகளின் பெயர் கிடையாது. நாங்கள் வாய்க்காலில் கால் நனைத்துவிட்டு வரலாம். சூரியகாந்தி பூத்திருந்தால் பார்த்துவிட்டும் வரலாம்.

அண்ணன் போட்ட அட்டவணையும் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. காலை ஐந்து முதல் எட்டு வரை பெரிய அண்ணன், பக்திப் பாடலுக்காக. எட்டு முதல் பத்தும் மாலை ஐந்து முதல் ஒன்பதும் சின்ன அண்ணன், காருக்கும் கடைக்கும். அண்ணன்மார் மனைவிகள், என் இரண்டு மதினிகளின் பெயரும் இல்லை. கேட்டதற்கு, “அவங்க நம்ம முறையில கேட்டுக்கிடுவாங்க” என்றார். என் பெயருக்கு நேராக, ‘யாரும் கேக்காத நேரம்’ என்று எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து அவருக்கு. படித்ததும் எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் ஒண்டியிருக்கிறவள் பாட்டுக்காகச் சண்டை போட்டாள் என்று பேச்சு வரக் கூடாதே என்று பேசாமல் இருந்தேன். அது நான் செய்த தப்பு.

ஏனென்றால் எனக்குத் தேவை காலையில்தான். ஐந்தரை மணிக்கு எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் தெருப் பெண்களுக்கு நான் உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். சின்ன மதினியையும் சேர்த்துப் பதினோரு பேர். இளையவளுக்கு முப்பத்தைந்து, மூத்தவருக்கு அறுபது. பாட்டில்லாமல் இடுப்பு வளையாது. குனிந்து நிமிர்கிற நேரத்தில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், பதினோரு பேரும் பாதி குனிந்தபடி என்னைப் பார்ப்பார்கள். போனை எடுத்தால் திரையில் அண்ணன் போன் பெயரும் அவர் கேட்கிற பாட்டும் தெரியும். பக்திப் பாடலாவது ஒன்றாவது. மழையில் நனைந்துகொண்டே பாடுகிற காதல் டூயட். ஆறு மணிக்கு, ஓய்வு பெற்ற எஸ்.ஐ., தனியாக. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சமயம் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் இப்படியே விசிலை ஊதி ஓட்டினேன். போன சீசனில்தான் விஷயம் முற்றியது. குற்றாலத்தில் சாரல் நேரத்தில் மேடை போட்டு நிகழ்ச்சிகள் நடத்துவார்கள். எங்கள் பதினோரு பேரும் கும்மியும் உடற்பயிற்சியும் கலந்து ஒன்று ஆடலாம் என்று பெயர் கொடுத்தோம். மூன்று பாட்டுகளை அடுத்தடுத்து வரிசை போட்டு, ஒரு மாதம் பழகினோம். யாருடைய வாழ்க்கையிலும் மேடை என்று ஒன்று அதற்கு முன்னால் வந்ததில்லை. அறுபது வயதுக்காரர் புதுச்சேலையே எடுத்துவிட்டார்.

ஆடிக் காட்டச் சொல்லி ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டிருந்தார்கள். போனை ஸ்பீக்கர் ஒயரில் மாட்டினேன். இரண்டாவது பாட்டில், எல்லோரும் கையைத் தூக்கிக் கொட்டப் போகிற நேரத்தில் பாட்டு நின்றது. மணி ஆறு. சின்ன அண்ணன் செங்கோட்டையில் கடையை அடைத்துவிட்டுக் காரில் ஏறியிருக்கிறான். நான் மறுபடி அமுக்கினேன். அவனும் அமுக்கினான். மூன்றாவது தடவை நின்றபோது, நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாளன்னைக்கு ஒரு தடவை வாங்க டீச்சர். அன்னைக்கும் இப்படின்னா சேர்க்க முடியாது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பதினோரு பேரும் என்னைப் பார்த்த பார்வைதான் தாங்க முடியவில்லை. ஊரில் இத்தனை பிள்ளைகளை ஓடவைத்தவள், என் கையிலிருந்த போனை என்னால் ஓடவைக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் போனதும் சொன்னேன். சின்ன அண்ணன், “பென்டிரைவ்ல ஏத்திக்கிட வேண்டியதுதான” என்றான். கிணற்றில் பங்கு கேட்டால் குடத்தில் மொண்டு தருகிறேன் என்கிற கதை. பெரிய அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அன்னைக்கு ஒரு நாள் சாயங்கால முறையை உனக்கு வாங்கித் தாரேன். அவன்ட்ட நான் பேசுதேன்” என்றார்.

“வாங்கித் தர வேண்டாம்ணே. எனக்கு என் முறை வேணும்” என்றேன்.

“எல்லாரும் சொந்த முறை கேட்டா பொழுதுக்கு எங்கட்டி போக?”

பின்கட்டுக்கு வந்தேன். சின்ன மதினியும் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன அண்ணன் காரை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிட முடியுமா என்று, கோபத்தில் போனில் போகாத பக்கமெல்லாம் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு இடத்தில் எழுதியிருந்தது: குடும்பத் திட்டம், ஆறு இடங்கள், சேர்ந்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒன்று பெரிய அண்ணன், இன்னொன்று தம்பி.

தம்பிக்கு போன் போட்டேன். “அந்த ஆறு இடம் என்னதுலே?” என்று கேட்டேன்.

“ஆளுக்கு ஒண்ணுக்கா. எல்லாரும் ஒரே நேரத்துல தனித்தனியாக் கேக்கலாம். அன்னைக்கே லிங்க் அனுப்புனேன்லா? ஏக்கா, ஒருத்தரும் தொடலையா?”

மதினியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் முன்கட்டிலிருந்து அண்ணன் என்னவென்று கேட்டான். இரண்டு வருஷமாக ஆறு கிணறு வெட்டிக் கிடந்திருக்கிறது. நாங்கள் ஒன்றில் வரிசையில் நின்றிருக்கிறோம்.

என் போனில் இருந்தது பெரிய அண்ணனின் கணக்கு. ஆகவே அவர் பெயரில் நானே எனக்கு அழைப்பு அனுப்பிக்கொண்டேன். பிறகு அதிலிருந்து வெளியே வந்து, என் பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, அந்த லிங்கைத் தொட்டேன். ஒன்றும் போகவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்தானா என்று கேட்டு, முகவரியைப் போடச் சொன்னது. அப்பா கட்டிய வீட்டின் கதவு எண்ணைப் போட்டேன். நான் இந்த வீட்டுக்காரி என்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை. சரி என்று ஏற்றுக்கொண்டது. சின்ன விஷயம்தான், ஆனால் திரையை மதினியிடம் இரண்டு தடவை காட்டினேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மாடியில் பாட்டைப் போட்டேன். ஆறு மணி ஆனது, பெரிய அண்ணன் டூயட் போடுகிற நேரம். எங்கள் பாட்டு நிற்கவில்லை. ஒரு நிமிஷத்தில் அண்ணன் போனும் கையுமாகப் படியேறி வந்தார்.

“என்னட்டி, ரெண்டும் ஓடுது?”

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். “அப்ப ரெண்டு வருஷமா நான் போட்ட முறை?”

“சும்மாண்ணே.”

பதினோரு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டூயட் விஷயத்தையும் அவிழ்த்துவிட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஜெயித்தவளுக்கு அந்த அளவு தாராளம் வரத்தான் செய்கிறது. அண்ணன் கீழே போய், அட்டவணையைக் கிழித்தார். பிறகு குழுவில் குரல் பதிவு போட்டார்: “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இப்ப ஒரு லிங்க் வரும். எல்லாரும் தொடணும்.” என்னமோ அவர் கண்டுபிடித்தது மாதிரி. சாயங்காலத்துக்குள் இரண்டு மதினிகளும் சின்ன அண்ணனும் சேர்ந்தார்கள். ஆறு இடமும் நிறைந்தது.

குற்றாலத்தில் மறுபடி ஆடிக் காட்டினோம், ஒரே தடவையில் சேர்த்துக்கொண்டார்கள். மேடை ஏறிய அன்று சாரல் விடவில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டைத் தலையில் போட்டபடி ஜனங்கள் நின்றார்கள். முன்வரிசை நாற்காலியில் இரண்டு அண்ணன்மார்களும் இருந்தார்கள். பெரிய அண்ணன் தன் போனை அணைத்து, இரண்டு விரலால் பிடித்து, முழங்காலுக்கு மேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்று என்று எத்தனை தடவை சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சின்ன அண்ணனின் கார் சாவியையும் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

மூன்று பாட்டும் ஓடின. எங்கும் நிற்கவில்லை. இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்தபோது பதினோரு ஜோடிக் கையும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகக் கொட்டின. அறுபது வயதுக்காரர் கும்மியில் சுற்றி வந்தபோது கூட்டத்தில் விசில் பறந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவைதான் வந்திருக்கிறது. பாட்டு முடிந்து, கைதட்டல் ஓய்கிற நேரத்தில் வழக்கம்போல் போனை அமர்த்தக் கையை நீட்டினேன். பெரிய அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

“அமத்தாதட்டி” என்றார், மேடை வரைக்கும் கேட்கும்படி. “உன் முறை முடியல. இன்னும் ஓட்டு.”

நான் ஏற்பாட்டாளரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். விசிலை ஊதி, அடுத்த பாட்டை ஓடவிட்டேன்.