அசனத்துக்கு முந்தின பேச்சு

சேரன்மாதேவிக்குப் பக்கத்தில், சுற்றிலும் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. சர்ச்சுக்குக் கோயில் என்றும் பாதிரியாருக்கு ஐயர் என்றும்தான் எங்களிடம் பெயர். கோயில் பண்டிகையின் கடைசி நாள் மத்தியானம் அசனம் நடக்கும். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவதற்குப் பெயர்தான் அசனம். சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்ட சொந்தக்காரர்கள் ஆண்டவருக்காக வந்தோம் என்று சொல்லிக்கொண்டு குழம்புக்காக வருவார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

சாப்பாட்டுக்கு முன்னால் பந்தலில் ஒரு கூட்டம் உண்டு. பாட்டு, வரவேற்பு, சிறப்புப் பேச்சாளர் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக சண்டே ஸ்கூல் பிள்ளை ஒன்று மேடையேறி எங்கள் கோயிலின் வரலாற்றைப் பேச வேண்டும். பிள்ளை நன்றி சொன்னதும் ஐயர் ஜெபம் பண்ணுவார். ஜெபம் முடிந்தால்தான் அண்டாவின் மூடியைத் திறப்பார்கள். பசித்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று முதலில் யோசித்த புண்ணியவான் யாரோ, அவர் நிச்சயம் பிள்ளை பெற்றவராக இருக்க முடியாது.

நான் பேசியதற்கு முந்தின வருஷம் அந்தப் பிள்ளை என் அண்ணன். மேடையேறினான். மைக்கைப் பார்த்தான். “அன்பான” என்றான். அதற்கு மேல் கண்ணீர்தான் வந்தது. டீச்சர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவன் பெயரே ‘அன்பான’ என்றாகிவிட்டது. கடைக்கு முட்டை வாங்கப் போனாலும் “வாலே, அன்பான!” என்றுதான் வரவேற்பு. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா தடை போட்டிருந்தாள். அதனால் நான் வாசலில் நின்று சொல்வேன்.

மறுவருஷம் டீச்சர் என்னைப் பிடித்துப் போட்டார். அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

“ஏட்டி, நீயும் அழுதுட்டுத்தான் எறங்குவே. அப்பொறம் நம்ம வீட்டையே ‘அன்பான வீடு’ன்னு சொல்லுவாவ, பாரு” என்றான்.

அதுதான் எனக்குப் பயம். ஒரு ஆள் அழுதால் அது அந்த ஆளோடு போகும். வீட்டுக்கு இரண்டு பேர் அழுதால் பரம்பரைக் குணம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி, என் பிள்ளை பள்ளிக்கூடம் போனாலும் அந்தப் பெயர் பின்னாலேயே வரும் என்று தோன்றியது. ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பேசிப் பார்த்தேன். ஆற்றுக்கு முன்னால் நான் பிரமாதமான பேச்சாளர்.

அந்த நாள் வந்தது. சிறப்புப் பேச்சாளர் “முடிவாக” என்று சொல்லிவிட்டு, பிறகும் வெகுநேரம் பேசினார். சமையல் கொட்டகையிலிருந்து குழம்பு வாசனை பந்தலுக்குள் வந்துவிட்டது. வீட்டிலிருக்கும் வயசானவர்களுக்கு வாங்கிப் போவதற்காக ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்திருந்தார்கள். வாளிகள் மடியில் இருந்தன, கண்கள் கொட்டகையில் இருந்தன. என் பெயரைக் கூப்பிட்டபோது என் கைகள் ஜில்லிட்டுப் போயிருந்தன.

“பையப் பேசு, ஒண்ணும் ஓடிப் போவாது” என்று சொல்லி அம்மா என்னை ஏற்றிவிட்டாள்.

மேடையிலிருந்து பார்த்தால் தலை, தலை, தலை. அதற்கு மேலே வீடியோ எடுக்கத் தூக்கிப் பிடித்த செல்போன்கள். எச்சிலை விழுங்கிக்கொண்டு, “அன்பான” என்றேன்.

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அடுத்த சொல் மறந்துபோனது. அண்ணன் நின்ற அதே இடம், அதே சொல். கண்ணில் தண்ணீர் முட்டியது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “சபையோரே! சபையோரேன்னு சொல்லுட்டி!” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த சித்தி அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கடுத்ததை இன்னொருவர் சொன்னார். எங்கள் டீச்சர் அந்த உரையை என்றைக்கோ ஒரு தடவை எழுதியதோடு சரி. வருஷா வருஷம் பிள்ளைதான் மாறும், பேச்சு மாறாது. ஊருக்கே மனப்பாடம். பந்தல் முழுக்கச் சேர்ந்து, ஆராதனையில் பைபிள் சங்கீதம் வாசிப்பது போல, என் பேச்சை ஓட்டமாக ஓட்ட ஆரம்பித்தார்கள். நான் மூச்சு விடுவதற்குள் அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்துவிட்டார்கள். ஐயர் ஜெபத்துக்குத் தயாராக எழுந்தே நின்றுவிட்டார்.

எல்லாருக்கும் மேலே கேட்ட குரல் என் அண்ணனுடையது. ஒரு வரி பிசகாமல், கையை வேறு ஆட்டிக்கொண்டு சொல்கிறான்!

எனக்கு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

“எல்லாரும் சும்மா இருங்க! நாந்தான் பேசணும்! நான் நன்றி சொல்லாம இங்கன யாருக்கும் சோறு கெடையாது!”

ஒலிபெருக்கி கிறீச்சிட்டு அடங்கியது. பிறகு யாரோ, “அண்ணாச்சி, வாளியக் கீழ வையும்வே. புள்ள சொல்லுததும் வாஸ்தவந்தான்” என்றார். ஐயர் மறுபடி உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான், சொன்னதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. இத்தனை பெரிய கூட்டத்தின் சாப்பாடும் என் வாயில் இருக்கிறது! ஆகா, என்ன சுகம்! முதலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கோயில் மணி மாட்டுவண்டியில் வந்து சேர்ந்த கதையை அந்த மாடுகள் நடந்த வேகத்திலேயே சொன்னேன். சமையல்காரர் கரண்டியோடு வந்து பந்தல் ஓரத்தில் நின்று என்னை முறைத்தார். அவரையும் பார்த்துச் சிரித்தேன்.

கடைசியில் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அண்ணனைப் பார்த்தேன். இத்தனை நாள் என்னை மிரட்டியதற்குப் பழி வாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“நன்றி சொல்ல என் அண்ணன் வருவான்” என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. தலையைத் தலையை ஆட்டினான். யார் விட்டார்கள்?

“ஏலே அன்பான, எந்திலே! சோறு ஆறுது!”

ஆளுக்கொரு கை கொடுத்து அவனை மேடையில் தூக்கிவிட்டார்கள். அவன் என் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையும் ஜில்லென்று இருந்தது. அவன் அழுவதைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். ஆனால் அந்தக் கையைத் தொட்டதும், ஐயோ, அழுதுவிடக் கூடாதே என்று இருந்தது.

“ஒத்த வார்த்ததாண்ணே. சொல்லிட்டு ஓடிருவோம்” என்று காதில் சொல்லி மைக்கை நீட்டினேன்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“அன்பான...” என்றான். பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. “சபையோரே, நன்றி!”

அந்தக் கைதட்டலில் ஐயரின் ஜெபம் யாருக்கும் கேட்கவில்லை. ஆமென் மட்டும் கேட்டது.

அண்ணன் இப்போது துபாயில் இருக்கிறான். ஒவ்வொரு வருஷமும் அசனத்தன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய வீடியோவைப் போடுகிறான். என் பேச்சு முழுவதையும் வெட்டியெறிந்துவிட்டு, தன்னுடைய மூன்று சொற்களை மட்டும் வைத்திருக்கிறான். ‘அசனத்தில் நான் ஆற்றிய உரை’ என்று கீழே எழுதவும் செய்கிறான். என்னையும் வெட்டிவிட எவ்வளவோ பார்த்திருப்பான். ஆனால் கடைசிவரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதால் முடியவில்லை.