எருமை என்றொரு கணக்கு

எங்கள் கடைக்கு இரண்டு முதலாளிகள், அண்ணனும் தம்பியும். ஒரு கோடியில் பைப்பும் குழாயும். அங்கே பெரியவர் உட்காருவார். மறு கோடியில் பெயிண்ட் டப்பாக்கள், அங்கே சின்னவர். நடுவில் பில் போடும் மேஜை என்னுடையது. எனக்குப் பின்னால், ஸ்டாக் அறைக் கதவை ஒட்டினாற்போல், கணக்கு அக்கா. முதலாளிகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு சுவர். யானைத் தந்த நிறம் கேட்டவருக்குச் சின்னவர் மஞ்சளாகக் கலந்து கொடுத்துவிட்டார். வீடு முழுக்க அடித்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார் போலிருக்கிறது. கடைக்கு வந்து கத்தினார். அவர் எதிரிலேயே பெரியவர் தம்பியைத் திட்ட, தம்பி ஏதோ பதில் சொல்ல, அன்றைக்கு மூடிய வாய்கள் பிறகு திறக்கவில்லை. இதற்கா இத்தனை வருஷம் என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். இங்கே வேலை பார்க்க வேண்டுமானால் அதைக் கேட்காதே என்றார் அக்கா.

அக்கா கணக்கில் புலி என்று சொல்லமாட்டேன். ஆனால் பிசகு கிடையாது. காலையில் வந்ததும் நாற்காலியில் துண்டை விரிப்பார், கண்ணாடியைத் துடைப்பார், கால்குலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார். அது தப்பாகக் கூட்டியதாக அவருக்கு ஒரு பழைய சந்தேகம். அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் மாடிகள் குறைவு என்று வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். எப்போதாவது லீவு கிடைத்தால் வருவார். தினமும் சாயங்காலம் போன் வரும். "எப்ப வர்ற?" என்பார். "கடைய யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்பார் அக்கா. இப்படிக் கேட்கும் புருஷன் எனக்கு இருந்திருந்தால் நான் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். எனக்கு வாய்த்தவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

அக்கா போகாததற்குக் காரணம் வவுச்சர். கடையில் எந்தச் செலவுக்கும் இரண்டு முதலாளிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர்களுடைய அப்பா எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே ஒருவர் செலவை எழுதிக் கையெழுத்துப் போட்டதும், அந்தச் சீட்டை அக்கா இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டும். பேசாத அண்ணன் தம்பி மனதில் இருப்பதையெல்லாம் அதில்தான் கொட்டுவார்கள். 'ஆட்டோ வாடகை. பெயிண்ட் பக்கத்து எருமை நேற்று சரக்கை இறக்காமல் தூங்கப் போனதால் இரண்டாவது நடை' என்று பெரியவர் எழுதுவார். 'பல்பு ஒன்று. ஸ்விட்சை அணைக்கக் கை வளையாத பைப் மகாராஜாவுக்காக' என்று சின்னவர் எழுதுவார்.

அக்கா சீட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வருவார். காதும் காதும் வைத்த மாதிரி அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதிய சீட்டில் 'ஆட்டோ வாடகை' என்று மட்டும் அழகாக எழுதுவார். எழுதியவரிடமே திரும்பப் போய், மை பரவிவிட்டது என்று சொல்லி இன்னொரு கையெழுத்து வாங்குவார். பிறகுதான் சீட்டு மறு கோடிக்குப் போகும். எங்கள் கடையில் மை அவ்வளவு பரவியது. இரண்டு முதலாளிகளும் ஒரு நாளும் பேனாவைச் சந்தேகப்படவில்லை.

வேறு ஆளை வைத்தால் சீட்டை அப்படியே நீட்டிவிடுவார்கள், மறுநாளே கடை இரண்டாகும், நாமெல்லாம் தெருவில் நிற்போம் என்பது அக்காவின் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்போதுதான் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு ஏ.ஐ. ஆப்பைப் பற்றிச் சொன்னார்கள். பில்லையோ வவுச்சரையோ போட்டோ எடுத்துப் போட்டால் அதுவே படித்து, எந்தக் கணக்கு என்று பிரித்து எழுதிவிடும். பேங்க் கணக்கோடு ஒத்துப் பார்க்கும். கையெழுத்துக்குப் பதில் இரண்டு முதலாளிகளின் போனுக்கும் போகும். அவர்கள் சரி என்று தொட்டால் போதும். யாரும் எதையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். அக்காவின் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து அதற்கு வேலை கற்றுக்கொடுத்தார். ஃபைலில் இருந்த பழைய வவுச்சர்களைக் கட்டுக் கட்டாகப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். அது ஆட்டோ வாடகையை ஆட்டோ வாடகை என்றது, பல்பை மின்சாமான் என்றது. எதைக் கொடுத்தாலும் பிசகவில்லை. தங்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டார். அது படித்ததெல்லாம் தான் திருத்தி எழுதிய சீட்டுகள் என்பது அக்காவுக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால் எனக்கும் தோன்றவில்லை. அத்தனை வருஷம் எழுதி எழுதி, முதலாளிகளே அப்படித்தான் எழுதுவார்கள் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாக அக்கா இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். இருவரும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நீங்கள் போய்விட்டால் அவனோடு யார் மல்லுக்கட்டுவது?

ஆப்பை ஓடவிட்ட முதல் நாள், பெரியவர் ஒரு வவுச்சர் எழுதி, சொல்லிக்கொடுத்தபடி தானே போட்டோ எடுத்துப் போட்டார். சற்று நேரத்தில் அவர் போன் மணியடித்தது. சின்னவர் போனும் அடித்தது. என் கம்ப்யூட்டரிலும் ஒரு கட்டம் திறந்தது. ஆட்டோ வாடகையைப் பதிந்துவிட்டதாக முதலில் பணிவாகச் சொல்லிவிட்டு, கீழே கேட்டிருந்தது: 'எருமை என்ற பெயரில் ஏற்கெனவே கணக்கு இல்லை. புதிதாகத் தொடங்கட்டுமா? இவர் சரக்கு தருபவரா, வாங்குபவரா, ஊழியரா, மற்றவரா?'

அக்கா எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

சின்னவர் போனைப் படித்தார். எழுந்தார். பெயிண்ட் பக்கத்திலிருந்து பைப் பக்கத்துக்கு அவர் நடந்து வந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கடை இரண்டாகிறது என்று நினைத்து நான் என் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தேன்.

"எருமைன்னு எழுதினியா?" என்றார் சின்னவர்.

"இன்னைக்கு நேத்தா எழுதறேன்? நீதான் கல்லுளிமங்கன் மாதிரி கையெழுத்துப் போட்டு அனுப்புவியே" என்றார் பெரியவர்.

"எனக்கு அப்படி ஒண்ணும் வந்ததே இல்ல. நான் மகாராஜான்னு எழுதினதெல்லாம்?"

"எந்த மகாராஜா?"

இருவரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மறைக்கவில்லை. சண்டை வரக் கூடாது என்று தான்தான் மாற்றி எழுதியதாகச் சொன்னார். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வந்திருந்தா அன்னைக்கே சண்டை போட்டு முடிச்சிருப்போமேம்மா. நான் எவ்வளவு எழுதியும் பதிலே இல்லைன்னு, என்னை ஒரு மனுஷனாவே மதிக்கலன்னு நினைச்சேன்."

சின்னவரும் அதையேதான் நினைத்திருந்தார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பைப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மஞ்சள் சுவரில் தொடங்கினார்கள். பல்பு, ஆட்டோ, தூக்கம், ஸ்விட்ச் என்று ஒன்று பாக்கியில்லாமல் கத்தினார்கள். இத்தனை சந்தோஷமாக யாரும் சண்டை போட்டு நான் கண்டதில்லை. நடுவில் ஆப் மறுபடி மணியடித்தது. அதற்கு இன்னும் பதில் போகவில்லை. எந்தக் கணக்கு என்று நான் கேட்டேன். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "மத்தவர்ல பங்குதாரர்னு போடும்மா" என்றார்.

போட்டுவிட்டுத் திரும்பினால் அக்காவைக் காணோம். ஸ்டாக் அறையில் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்ததே அக்கா என்றேன்.

"கோவத்துல அழறேன்டி. என் மேலேயே எனக்குக் கோவம். இவங்கள நான் விட்டிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். நான் நடுவுல உக்காந்து வருஷக்கணக்கா ஓட்டினேன். ஒவ்வொரு தடவ லீவுல வரும்போதும் எங்க வீட்டுக்காரரு கொஞ்சம் கூடுதலா நரைச்சு வந்தாருடி. அதையும் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்."

வெளியே அண்ணன் தம்பி யார் முதலில் வாயை மூடியது என்பதற்கு வந்திருந்தார்கள்.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டுப் புருஷனுக்குத் தானே போன் போட்டார். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் இரைச்சலுக்கு நடுவே, உடம்புக்கு ஏதாவதா என்று அவர் பதறியது என் காதிலேயே விழுந்தது. ஒன்றுமில்லை, நாளைக்கு வருகிறேன் என்றார் அக்கா. மாதக் கடைசி வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. பார்க்கவா, இருக்கவா என்று கேட்டார் அவர். இருக்க என்றார் அக்கா.

அந்தப் பக்கம் இரைச்சல் நின்றது. லிஃப்டை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

"நாளைக்கேவா?" என்றார். "வீடு கூட்டவே இல்லையேம்மா."