பாதி முகத்தோடு போன வளைகாப்பு

வீடியோ காலைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். மகள் பெங்களூரில் இருந்து தினமும் கூப்பிடுவாள். பெரிய கட்டத்தில் அவள் முகம் பளபளவென்று இருக்கும். மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு பொம்பளை, தாடைக்குக் கீழே சதை தொங்க, வாயைப் பிளந்துகொண்டிருப்பாள். யாருடா இவள் என்று பார்த்தால் நான்தான். பிள்ளை உண்டாகியிருக்கும் மகளிடம் வாந்தி நின்றதா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டே என் கண் அந்தத் தாடையிலேயே நிற்கும்.

ஒன்பதாம் மாத வளைகாப்பைப் பழங்காநத்தத்தில், சம்பந்தி வீட்டில் வைப்பதாக முடிவானது. மகள் பெங்களூரில் இருந்து நேரே அங்கேதான் வருகிறாள். வளையல் போட்டு முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்குத் திருநகரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். மாதக்கணக்காக அவளைத் தொட்டுப் பார்க்காத கை எனக்கு. அறையைக் கழுவினேன், கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன், சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தலைகால் புரியாதவள் என்ன செய்வாளோ அதையே செய்தேன். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு, தையல்கடைக்குப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஸ்கின் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

கத்தி கிடையாது, தையல் கிடையாது. வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பார்களே, அதே வகை ஒலி அலையைக் குவித்துத் தோலுக்கு அடியில் சூடு கொடுப்பார்களாம். அந்தச் சூட்டில் தோல் மெல்ல மெல்லத் தானே இறுகுமாம்.

"பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும்மா. சிலருக்குக் கொஞ்ச நாள் லேசா வீங்கும். ஃபங்ஷன முடிச்சிட்டு வாங்களேன்" என்றார் டாக்டரம்மா.

"எனக்கெல்லாம் வீங்காது டாக்டர்" என்றேன், என்னவோ என் உடம்பு என் பேச்சைக் கேட்டு நடப்பது மாதிரி.

குளிரக் குளிர ஜெல்லைத் தடவி, ஒரு பெண் கைப்பிடியைத் தாடையில் வைத்து அழுத்தினாள். உள்ளே சுரீர் சுரீரென்று சுட்டது. பல் வரைக்கும் கூசியது. இடது பக்கம் முடிந்து வலது பக்கம் வரும்போது தெருவில் டமார் என்று ஒரு சத்தம், கரண்ட் போச்சு. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம், பொழுது சாய்ந்துதான் வருமாம். இன்வர்ட்டர் விளக்குக்கு மட்டும்தான், மெஷினுக்குத் தாங்காதாம். இதற்குள் வீட்டுக்காரர் விடாமல் போன் அடிக்க, பாதி முகத்தோடு ஆட்டோ ஏறினேன்.

விசேஷத்தன்று காலையில் கண்ணாடியைப் பார்த்தால், இடது கன்னத்தில் முழு இட்லியை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. "என்னடி, பல்லு வலியா?" என்றார் வீட்டுக்காரர். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

சீர்த்தட்டோடு சம்பந்தி வீட்டு வாசலில் நுழைந்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா என் முகத்தைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

"ஆத்தி! பொன்னுக்கு வீங்கில்ல இது! புள்ளத்தாச்சி பக்கம் போயிராத தாயி, ஒட்டிக்கிரும்!"

"பல்லு வலின்னு சொன்னாளே" என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

"அப்படித்தான்ப்பா ஆரம்பிக்கும்."

அந்த வீக்கத்துக்குக் கழுத்தில் தங்கம் படவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியம்மா தன் ரெட்டைவடச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டார். அதைப் பார்த்து இன்னொருத்தி தன் ஆரத்தைப் போட்டாள். பிள்ளைகளையெல்லாம் விரட்டிவிட்டு, கை கழுவும் இடத்தருகே ஒரு பிளாஸ்டிக் சேரில் என்னை உட்காரவைத்தார்கள். பரிசு வாங்கிய ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரகசியம் தப்பித்ததே, அம்புட்டுத்தான் வேண்டும் என்றிருந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மா வந்து எட்ட நின்றார்.

"மதினி, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த நெலமைல புள்ளைய உங்க வீட்டுக்கு அனுப்ப முடியாது. பிரசவத்த இங்கனயே பாத்துக்கிறோம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அங்கே நாற்காலியில் பட்டுச்சேலையும் பெரிய வயிறுமாக என் மகள், கண் கலங்க, கழுத்தை எக்கி எக்கி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எனக்கு வெட்கமாவது ஒன்றாவது. எழுந்துவிட்டேன்.

"பொன்னுக்கு வீங்கியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! வயித்துக்கு ஸ்கேன் எடுப்பாகளே, அது மாதிரி மெஷின வச்சு மூஞ்சிய டைட் பண்ணப் போனேன். பாதில கரண்ட்டு போயிருச்சு!"

ஒருத்தரும் நம்பவில்லை. "பாவம், மகளத் தொடணும்னு வாய்க்கு வந்ததச் சொல்லுது" என்றார் பெரியம்மா. "இவ தையக்கடைக்குல்ல போனா?" என்றார் என் வீட்டுக்காரர், மகா புத்திசாலி. விடுவேனா? கிளினிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வணக்கம் மேடம்! கரண்ட் அன்னிக்கே வந்துருச்சு. வலது தாடை பாக்கி இருக்குல்ல, என்னைக்கு வாரீங்க? இடது பக்கம் வீக்கம் வத்திருச்சா?"

முதலில் சிரிப்பு வெடித்தது மகளுக்குத்தான்.

"யம்மா! பிள்ளைக்கு எடுக்கிற ஸ்கேன மூஞ்சிக்கு எடுத்தியாம்மா!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் வீடே சிரித்தது. பெரியம்மா தன் சங்கிலியைத் திரும்பக் கேட்கவும் முடியாமல், சிரிப்பை அடக்கவும் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் ஆடியது. மானம் கப்பலேறியது போங்கள், எனக்கும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

திடீரென்று மகள் சிரிப்பை நிறுத்தினாள். "யம்மா, இங்க வா. சீக்கிரம் வா!"

ஓடினேன். யாரும் மறிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து வயிற்றின் ஓரத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை நாளும் "இப்ப உதைக்குதும்மா" என்று அவள் போனில் சொல்வாள், நான் கண்ணாடித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது என் உள்ளங்கையிலேயே விழுந்தது, பொத்தென்று.

"ஏய், உதைக்குதுடி!" என்று கத்தியேவிட்டேன்.

சம்பந்தியம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க பூசுங்க மதினி. பூசிட்டு, நல்ல நேரத்துல புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வாங்கத்தான் வேண்டும், ஆனால் கையை எடுக்க மனம் வரவில்லை. இன்னொரு உதை வரட்டும் என்று அப்படியே நின்றேன்.