பெட்டி கவுண்டர் பைலட்

கேப்டன் வீட்டு நாயைக் குளிப்பாட்டிய ஒருவனுக்கு விமானம் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாம். என் மனைவி தையல்கடையில் கேட்டு வந்த செய்தி. தையல்காரம்மாவுக்கு யார் சொன்னார்களோ. நான் சிரித்தேன். மச்சான், அதாவது அவள் தம்பி, சிரிக்கவில்லை. "எந்த கேப்டன்க்கா? என்ன நாய்?" என்றான்.

அவன் பைலட் லைசென்ஸ் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஓட்டுவது தள்ளுவண்டி. விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளுக்கான கவுண்டரில் வேலை. சக்கரம் கழன்றது, கைப்பிடி பிய்ந்தது, யாருடையதென்றே தெரியாதது என எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி அலமாரியில் ஏற்றுவான். தூங்குவது எங்கள் வீட்டில், என் மகளுக்குத் தருவதாகச் சொன்ன அறையில்.

"உங்களுக்கு இந்த ஃபீல்டு தெரியாது மாமா. பறக்க எல்லாருக்கும்தான் தெரியும். உள்ள ஆள் வேணும், ஆள்."

அவன் கணக்கில் ஆள் என்றால் தோளில் நாலு பட்டை உள்ளவர், அதாவது கேப்டன். மூன்று பட்டைக்குத் தலையசைப்போடு சரி. பட்டையே இல்லாதவர்கள் அவன் கண்ணில் படமாட்டார்கள். நாலு பட்டையிலும் ஒருவரைத்தான் அவன் நாலு வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவருடைய கோட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கினான். வரிசையில் நாற்பது பேர் நிற்க, அவர் மாமியாரின் பெட்டியை முதலில் தேடி எடுத்துக் கொடுத்தான். "இன்னிக்கு கேப்டன் என் தோள்ல கை வெச்சார்க்கா" என்று வந்து சொல்வான். அக்காவுக்கு முகமெல்லாம் பல். தள்ளுவண்டியின் கைப்பிடியிலும் மனிதர்கள் அப்படித்தான் கை வைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

உண்மையில் அவனைத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். பயிற்சிப் பள்ளியில் ஒரே அறை. சின்ன விமானத்தில் நூறு மணி நேரம் பக்கத்து இருக்கை. மச்சான் வாந்தி எடுத்தபோது பையைப் பிடித்தவனும் அவன்தான். ஞாயிறுதோறும் கூப்பிடுவான். மச்சான் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பான். "அவனே வேலை இல்லாம கிடக்கான். அவன்கிட்ட பேசி என்ன ஆகப்போகுது?" கூட்டாளி எத்தனை ஞாயிறுதான் கூப்பிடுவான்? நின்றுவிட்டது.

இந்த மாதம் கேப்டனின் விமானக் கம்பெனியில் எட்டு பைலட்டுகளை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வயது முப்பத்தைந்துக்குள். மச்சானுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து. கம்பெனிக்குள் இருக்கும் பைலட் ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று போனில் சொல்லவேண்டும் என்பது விதி. "உங்க பேரைப் போட்டுக்கட்டுமா சார்?" என்று கேப்டனிடம் கேட்டான். "தாராளமா போட்டுக்கோ தம்பி" என்றாராம்.

இன்று மதியம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. நல்ல செய்தியை நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், கேப்டன்கிட்ட பேசினோம். அந்தப் பேர்ல யாரையும் தெரியாதுன்னுட்டார்."

"மேடம், பெட்டி கவுண்டர்னு சொல்லுங்க, தெரியும்."

"சொன்னேன் சார். 'அந்தப் பெட்டித் தம்பியா? அவன் பைலட்டா?'ன்னு என்னையே கேக்கறார்."

நாலு வருடம். அவர் இவன் பெயரைக் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. நாயைக் குளிப்பாட்டியவன் தன் பெயரையாவது சொல்லியிருப்பான்.

அந்தப் பெண் நல்லவள். "உங்க ஸ்கூல்ல, உங்க பேட்ச்ல படிச்சவர் ஒருத்தர் போன வருஷம் இங்க பைலட்டா சேர்ந்திருக்கார். அஞ்சு மணிக்குள்ள அவர் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று பெயரையும் சொன்னாள். கூட்டாளியின் பெயர். மச்சான் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

நாலரைக்கு மூன்றாவது முறையாக நம்பரைப் போட்டான்.

"எடுக்கலையாடா?" என்றாள் அக்கா.

"பறந்துக்கிட்டு இருப்பான்க்கா."

பறக்கிறவனின் போன் அணைந்திருக்கும் என்பது லைசென்ஸ் வாங்கியவனுக்குத் தெரியாதா என்ன? மேசைமேல் ஸ்பீக்கரில் மணி போய்க்கொண்டே இருந்தது.