டோர்கெல் என்ற பெயருக்கு நான் எழுதிய அர்த்தம்

டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங்கில் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மெண்டில் குடியிருந்தபோதுதான் எனக்கு இந்த நாட்டில் வேலை செய்யும் அனுமதி வந்தது. அதற்கு முன் நான்கு ஆண்டுகள் கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவளாக வீட்டிலேயே இருந்தேன். கரூரில் ஆங்கில இலக்கியம் படித்தவள். யார் எந்த வேலை கொடுத்தாலும் செய்துவிடலாம் என்ற நிலையில் இருந்தேன். கிடைத்தது, குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்காக நடத்தப்பட்ட ஒரு சிறிய இணையதளத்தில் எழுதும் வேலை.

வீட்டிலிருந்தே எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பத்தி: எந்த நாட்டில் பிறந்த பெயர், என்ன பொருள், இப்போது எவ்வளவு பேர் வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பட்டியல் வரும். ஐரிஷ் பெயர்கள் ஒரு வாரம், கிரேக்கப் பெயர்கள் மறு வாரம். நூலகத்திலிருந்து இரண்டு தடித்த பெயர் அகராதிகளை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொள்வேன். முதல் சில வாரங்கள் ஒவ்வொரு பெயரையும் இரண்டிலும் தேடி ஒத்துப் பார்த்தேன். பிறகு ஒன்றில் மட்டும் பார்த்தேன். பிறகு அதிலும் பாதிதான் படித்தேன்.

ஸ்காண்டிநேவியப் பட்டியல் வந்த வாரத்தில் டோர்கெல் என்ற பெயர் இருந்தது. அகராதியில் தெளிவாகவே போட்டிருந்தது. பழைய நார்வே மொழியில் தோர் என்றால் இடியின் தெய்வம். மீதிப் பாதி, ஆங்கிலத்தில் கெட்டில் என்கிறோமே, அதற்கு உறவான சொல். சடங்குகளில் நெருப்பின் மேல் வைக்கும் பெரிய கொப்பரை. ஆக, தோரின் கொப்பரை. அந்தக் காலத்தில் அது மதிப்பான பெயராகத்தான் இருந்திருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. எந்தத் தாய் பிள்ளைக்குப் பாத்திரத்தின் பெயரை வைப்பாள் என்று நினைத்தேன். அன்று மாலைக்குள் பட்டியலை முடித்து அனுப்ப வேண்டும். கொப்பரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இடியை மட்டும் வைத்துக்கொண்டு, "இடிக்கு அஞ்சாதவன்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்றாவது பத்தியில், அரிதான பெயர், ஆனால் தனித்துவம் தேடும் பெற்றோர் இப்போது இதைத் தேடி வருகிறார்கள் என்று சேர்த்தேன். யாரும் தேடி வந்ததாக எனக்குத் தெரியாது.

அவசரத்தில் செய்தது என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. எழுதிவிட்டு ஒரு முறை வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு அந்த இணையதளத்தை யாரோ வாங்கினார்கள், எங்களை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மகள் பிறந்தாள். பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிக் குடிபோனோம். வேறு வேலை, வேறு கவலைகள். சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். மகளை அங்கே கொண்டுவிடப் போய், நானும் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு எட்டு வயதுப் பையன் புதிதாகச் சேர்ந்தான். அம்மா பொள்ளாச்சிக்காரர், மென்பொருள் வேலை. அப்பாவின் முன்னோர் நார்வேயிலிருந்து வந்து மினசோட்டாவில் குடியேறியவர்கள். பையனுக்கு அம்மாவின் கண்கள், அப்பாவின் வைக்கோல் நிற முடி. வருகைப் பட்டியலில் பெயரைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கேயோ கேட்டது போல மட்டும் இருந்தது. அவன் அம்மாதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். எல்லோரும் கேட்பார்கள் போலிருக்கிறது, பதில் தயாராக இருந்தது.

"டோர்கெல்னா இடிக்கு அஞ்சாதவன்னு அர்த்தங்க்கா. எங்கப்பாவுக்கு மொதல்ல இந்தப் பேரு சுத்தமா புடிக்கலை. அர்த்தத்தச் சொன்னதும் சமாதானம் ஆயிட்டாரு. இப்ப போன் பண்ணா பேரச் சொல்லியே கூப்பிடறதில்ல, இடிக்கு அஞ்சாதவன் எங்கன்னுதான் கேப்பாரு."

அது நான் எழுதிய வரி. நல்ல பெயர் என்றேன். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். நான் எழுதிய தளம் இப்போது இல்லை. ஆனால் என் வரி இருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்து, ஏழெட்டு தளங்களில் அதே சொற்களில் இருந்தது. ஒன்றில் மட்டும் "இடிக்கும் மின்னலுக்கும்" என்று யாரோ நீட்டியிருந்தார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். பிறகு, சொல்லி என்ன ஆகப் போகிறது, யாருக்கு நஷ்டம் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் பெயரைக் கூப்பிட்டு வருகை எடுத்தேன். அவன் "உள்ளேன் ஐயா" என்பான். "அம்மா" என்று சொல்லு என்று திருத்துவேன். அடுத்த வாரமும் ஐயாதான். அப்படியே ஐந்து மாதம் ஓடியது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வானம் பச்சையாகக் கறுத்தது. டெக்சாஸில் அந்த நிறம் வந்தால் சுழற்காற்று வரக்கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். அபாயச் சங்கு ஒலித்தது. ஜன்னல் இல்லாத நடைக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், சுவரைப் பார்த்து உட்காரவைத்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளச் சொன்னோம். இடி இறங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதார்கள். என் மகளும் அழுதாள். இவன் மட்டும் அழவில்லை. கையைத் தலையில் வைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். கால்சட்டை நனைந்து, தரையிலும் ஈரம்.

என் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டினேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். பயந்தால் அழலாம், எல்லோரும் அழுகிறார்கள் பார் என்றேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான், தனக்கு அனுமதி இல்லையாம், தன் பெயரின் அர்த்தம் அதுவாம். தாத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டான்.

புயல் எங்கள் பக்கம் வராமல் போய்விட்டது. பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். அவன் அம்மாவிடம் தண்ணீர் கொட்டிவிட்டது என்று நான் பொய் சொன்னேன். அவன் என்னை நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

நான்கு நாள் கழித்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். காரில் போகும்போது எப்படித் தொடங்குவது என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சமையலறை மேடை அருகில் நின்று அவன் அம்மா காபி கலந்துகொண்டிருந்தபோது, சொல்லிப் பார்த்த எதுவும் வரவில்லை. இர்விங், அந்த வேலை, அகராதி, நடைக்கூடத்தில் நடந்தது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

"அது நீங்க எழுதுனதா?" என்றார்.

"ஆமாம்மா. நானா எழுதினது. எந்த புக்லயும் அப்படி இல்ல."

"நெசமான அர்த்தம்?"

சொன்னேன்.

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அவன் பிறந்த கதையைச் சொன்னார். ஏழு வாரம் முந்திப் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தபோதும் பேர் முடிவாகவில்லையாம். கணவர் வீட்டார் கொடுத்த பட்டியலைப் போனில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். இந்த வரியைப் படித்ததும் இவன் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியதாம்.

"அந்த ஒத்த வரியத்தான் புடிச்சுட்டு இருந்தேன்," என்றார். குரல் உயரவில்லை. "அவன் இடிக்குப் பயப்படுவான்னு எனக்குத் தெரியும்க்கா. ஒவ்வொரு தடவையும் அந்த அர்த்தத்தச் சொல்லித்தான் அடக்குவேன். தப்பு உங்களோடது மட்டும் இல்ல. ஆனா இத நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்க எழுதுனது, நீங்களே சொல்லுங்க."

பையனை மாடியிலிருந்து கூப்பிட்டார். எட்டு வயதுப் பிள்ளையின் முன் நாற்காலியில் உட்கார்ந்து, நீ பிறப்பதற்கு முன் ஒரு நாள் நான் ஒரு பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. வாழ்க்கையில் நேர்முகத் தேர்வுகளிலோ விசா அலுவலகத்திலோ நான் அப்படித் தடுமாறியதில்லை. தமிழில் தொடங்கி, அவனுக்குப் புரிய வேண்டுமே என்று ஆங்கிலத்துக்கு மாறி, கொப்பரை என்றால் என்ன என்று கையை விரித்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் ஊரே கூடி அதிலிருந்து சாப்பிடும், வீட்டில் மதிப்பான பொருள் அதுதான் என்றேன். சொல்லும்போதே, இதிலும் பாதி நான் இட்டுக்கட்டுவதாகத் தெரிந்து நிறுத்திக்கொண்டேன். ஊரே கூடிச் சாப்பிட்டதா என்று எனக்கு என்ன தெரியும்? அதையும் அவனிடம் சொன்னேன்.

அவன் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"ஸோ, வேற பேருக்கும் இப்படிப் பண்ணீங்களா?" என்று கேட்டான். அவன் என்னிடம் தமிழில் கேட்ட முதல் நீளமான கேள்வி அது.

பண்ணியிருக்கிறேன் என்றேன். எந்தெந்தப் பெயர் என்று கேட்டான். ஞாபகம் இல்லை என்றேன். அது உண்மை. பத்தா, ஐம்பதா என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே, என் வரி இருந்த தளங்களுக்கெல்லாம் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது, ஆதாரம் கேட்டார்கள். நூலகத்துக்குப் போய் அதே அகராதியின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அந்தத் தளத்தில் மாற்றினார்கள். மற்றவற்றில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அவன் அடுத்த நிலைக்கு, வேறு ஆசிரியையின் வகுப்புக்குப் போய்விட்டான். இந்த வசந்தத்தில் இடி இடித்த ஒரு நாள் அவன் சத்தம் போட்டு அழுததாக அந்த ஆசிரியை குறையாகச் சொன்னார். எனக்கு மூச்சு சற்று இலேசானது. பொள்ளாச்சித் தாத்தாவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று தெரிகிறது. அவர் போனில் இன்னும் அப்படியேதான் கூப்பிடுகிறாராம்.

அவன் அம்மா என்னைப் பார்த்தால் இன்றும் சிரிப்பார், நலம் விசாரிப்பார். வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்வதில்லை. சென்ற மாதம் அனுமார் கோயிலில் பிரசாத வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் மகனோடு நின்றார். புதிதாக ஊருக்கு வந்த ஓர் அம்மாள், பையனின் பெயரைக் கேட்டுவிட்டு, இதென்ன பேரு, என்ன அர்த்தம் என்று அவரைக் கேட்டார்.

"அது நார்வேப் பழைய பேருங்க ஆன்ட்டி. அவங்கப்பா வழில வந்தது," என்றார். அவ்வளவுதான். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியும். வரிசை நகர்ந்தது, தொன்னையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.