பந்தோபஸ்து எழுத்து

"ஒரு கார்டுக்கு எத்தன புஸ்தகம் தருவீக மேடம்?"

"மூணு தருவோம்க்கா."

"எங்க வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணு போட்டா?"

"போடலாம். அவங்க என்ன மாதிரி புத்தகம் படிப்பாங்க?"

"படிக்க மாட்டாக. கையெழுத்து போடுவாக. போலீஸ்லா, அது நல்லா வரும்."

"அப்போ ஆறு."

"எங்க மாமியாருக்கும் ஒண்ணு போட்டா ஒம்பதாயிரும்."

"அவங்களாவது படிப்பாங்களா?"

"கண்ணு அவ்வளவாத் தெரியாது. படம் பெருசா இருந்தாப் பாப்பாக."

மஞ்சு சிரிப்பை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து மூன்று விண்ணப்பங்களை எடுத்துப் பொன்செல்வியிடம் கொடுத்தாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், சாரலில் சுவரெல்லாம் பாசி பிடித்த அந்தக் கிளை நூலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இப்போது அவள் திருவேங்கடத்தில் இருக்கிறாள். இங்கே ஆனி மாதக் காற்று புழுதியைத்தான் கொண்டுவருகிறது. நூலகத்துச் சன்னலைச் சாத்த எழும்போதெல்லாம், ஈரக் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு முந்தானையால் புத்தகங்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும் பொன்செல்விதான் நினைவுக்கு வருகிறாள்.

பொன்செல்விக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவன் வேல்ராஜ் மணிமுத்தாறு பட்டாலியனில் காவலர். பாதி நாள் ஏதாவது ஒரு ஊரில் பந்தோபஸ்து. ஒரே மகள் குழல்வாய்மொழி, வீட்டில் குழலி. குற்றாலத்து அம்மன் பெயரை ஆசையாக வைத்தார்கள். பிள்ளைக்கோ முதல் எழுத்தே தொண்டையில் சிக்கியது. பெயர் கேட்டால் கு, கு என்று நின்றுவிடுவாள். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கோழி மாதிரி கூவத் தொடங்கின. அவள் பள்ளிக்கூடத்தில் பேசுவதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் நிறுத்தினாள். வீட்டிலும் பேச்சு நின்ற அன்றைக்கு அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பொன்செல்வி திரும்ப அனுப்பவில்லை.

"போலீஸ்காரன் பிள்ள பள்ளிக்கூடம் போகலன்னா ஊரு சிரிக்கும்ட்டி" என்றானாம் வேல்ராஜ்.

"பேசாத பிள்ளையப் பாத்தும் அந்த ஊரு சிரிச்சிச்சே" என்றாளாம் இவள்.

வீட்டில் படிக்கவைப்பது என்றால் என்ன என்று பொன்செல்விக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையில் கிடைத்ததை வைத்துத் தொடங்கினாள். மங்குஸ்தான் பழத்தின் அடியில் பூப்போல ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. குழலி இதழை எண்ணிச் சொன்ன பிறகுதான் பழத்தை உடைப்பார்கள். ஆறு சுளையில் இரண்டை ஆச்சிக்குக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு என்பது அப்படித்தான் பிள்ளைக்கு விளங்கியது. தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கோடு போட்டு மொட்டைமாடியில் வைத்துச் சாரலை அளந்தார்கள். நாள்தோறும் ஒரு பக்கம். "இன்று சாரல் ஒரு கோடு. காற்று செங்கோட்டைப் பக்கமிருந்து. துணி காயவில்லை" என்று குழலி எழுதிய நோட்டை மஞ்சு பார்த்திருக்கிறாள். அதைவிட நல்ல நாட்குறிப்பை அவள் அந்த நூலகத்து அலமாரியிலும் பார்த்ததில்லை.

ஆங்கிலத்துக்கு அட்டைகள். பழப்பெட்டி அட்டையைச் சீட்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் நூலகப் புத்தகத்தில் கண்ட ஆங்கிலச் சொல், மறுபக்கம் அதைச் சொல்லும் விதமும் பொருளும் தமிழில். எல்லாம் பொன்செல்வியின் உருண்டைக் கையெழுத்து. தீவைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றைப் படித்த வாரம் மகளைச் சிற்றாற்றுக்குக் கூட்டிப்போய், நடுத்தண்ணீரில் நிற்கும் பாறையைக் காட்டியிருக்கிறாள். "அந்தா நிக்கு பாரு, நம்ம இஸ்லாண்டு." குழலி அந்தச் சொல்லைத் திக்காமல் சொன்னாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சொல்லின் அட்டை, புத்தகத்துக்குள்ளேயே இருந்து நூலகத்துக்குத் திரும்பி வந்தது. மஞ்சு அதைத் திருப்பிப் பார்த்தாள். 'ஐலண்டு' என்று சொல்ல வேண்டியதை எழுத்துக் கூட்டி 'இஸ்லாண்டு' என்று எழுதியிருந்தது. மஞ்சு எட்டாவது வரை தமிழில் படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்தவள். முதல் வாரமே வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள். டீச்சர் வகுப்புக்கு முன்னால் அதை மூன்று முறை சொல்லவைத்தார். அதிலிருந்து யாருடைய பிழையையும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறுநாள் பொன்செல்வி வந்தபோது, "உள்ள இருந்துச்சுக்கா" என்று அட்டையை மட்டும் நீட்டினாள்.

குழலிக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளாகவே கேட்டாள், பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று. அந்த வயதுப் பிள்ளைகளோடு ஏழாம் வகுப்பில் உட்காரவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஒரு பள்ளியில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். கணக்கு முழுவதும் சரி. பிறகு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள்.

அன்று மாலை பொன்செல்வி நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் எதுவும் கையில் இல்லை.

"நாலு வரி அழகா வாசிச்சா மேடம். அப்புறம் இஸ்லாண்டுன்னு சொன்னா. டீச்சர் சிரிச்சிட்டாக. கேலியாச் சிரிக்கல, ஆனா சிரிச்சிட்டாக. அவ்ளதான், வாய மூடிட்டா. அஞ்சாங்கிளாஸ்லதான் போடமுடியும்ங்காக. கெஞ்சிக் கேட்டதுக்கு, திங்கக்கெழம இன்னொரு தடவ கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிருக்காக." நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டாள். "அந்த அட்டைய நீங்க பாத்தீகள்ளா?"

"பாத்தேன்க்கா."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"ஒரு நா வருத்தப்பட்டிருப்பேன். இப்ப எம் பிள்ளல்லா வருத்தப்படுதா."

பொன்செல்வி எழுந்து போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்றே மஞ்சு நினைத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் வந்தாள். ஒரு கையில் மகள். மறு கையில் மஞ்சப்பை நிறைய அட்டைகள். அறுநூற்றுச் சொச்சம் இருந்தன. மூன்று பேரும் பத்திரிகை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொன்செல்வி ஒவ்வொன்றாக வாசிக்க, தப்பு வந்த இடத்தில் மஞ்சு நிறுத்தினாள். முதல் பத்து அட்டைக்கு மஞ்சுவின் குரல் மேசையைத் தாண்டவில்லை. குழலி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

தீவு அட்டை வந்தது.

"ஐலண்டு" என்றாள் மஞ்சு. "எஸ்ஸைச் சொல்லக்கூடாதுக்கா."

"சொல்லக்கூடாதுன்னா அது எதுக்கு அங்கன நிக்கு?"

"சும்மா நிக்கும்."

பொன்செல்வி அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏட்டி குழலி, ஒங்கப்பா மாதிரிதான் போல. பந்தோபஸ்துக்கு நிக்கு. பேசாது, அந்த எடத்த விட்டு நகரவும் செய்யாது."

குழலி சிரித்துவிட்டாள். சத்தமாக. நாளிதழ் படித்துக்கொண்டிருந்த கிதிர் முகம்மது பாய் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அதற்கப்புறம் தப்பைக் கண்டுபிடிப்பது குழலியின் வேலையாகிவிட்டது. அம்மாவின் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கி, "இ... இதுல கே பந்தோபஸ்து" என்பாள். மூன்று நாளில் நாற்பத்து மூன்று அட்டைகளில் சிவப்பு மையால் திருத்தம் விழுந்தது.

திங்கட்கிழமை நூலகத்தில் மஞ்சுவுக்கு வேலை ஓடவில்லை. திரும்பிவந்த புத்தகங்களைத் தப்பான தட்டில் அடுக்கி, மறுபடி எடுத்து அடுக்கினாள். பதினொன்றரைக்குப் பொன்செல்வி நனைந்துகொண்டே வந்தாள். குடையைப் பள்ளியிலேயே மறந்துவிட்டாளாம்.

"கத்திக்கு இங்கிலீசுச் சொல்லு வந்துச்சு, கே முன்னால சும்மா நிக்குமே, அது. நின்னுட்டா. எனக்கு உசிரே இல்ல. கொஞ்ச நேரங்கழிச்சு டீச்சரப் பாத்து, 'இ... இது பந்தோபஸ்து எழுத்து, பே... பேசாது'ங்கா. அவுகளுக்குப் புரியல. அப்டின்னா என்னன்னு கேட்டாக. ஒக்காந்து வெளக்குதா மேடம். திக்குதா, வெளக்குதா, திக்குதா, வெளக்குதா. அவுகப்பா, சிற்றாறு, நீங்க, பாய் எல்லாத்தையும் சொல்லிட்டா."

"ஏழாவதாக்கா?"

"ஆறுலதான் போட்டுருக்காக. இவ போதும்னுட்டா. நாந்தான் அழுதேன்."

அதன் பிறகும் மூன்று கார்டுகளுக்கு ஒன்பது புத்தகங்கள் போய்வந்துகொண்டிருந்தன, மஞ்சுவுக்கு மாற்றல் உத்தரவு வரும்வரை.

திருவேங்கடத்தில் போன வாரம் ஒரு தகப்பன் தன் மகனுக்குப் புத்தகத்தின் பெயரை வாசித்துக் காட்டினார். தப்பாக. மஞ்சு மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள். போகும்போதே, அட்டைகளைத் திருத்தத் தொடங்கிய அந்த முதல் நாள், மஞ்சப்பையை அவிழ்ப்பதற்கு முன் பொன்செல்வி கேட்டுக்கொண்டது காதில் விழுந்தது:

"நான் தப்பாச் சொன்னா அங்கனயே சொல்லிருங்க. யாரு இருந்தாலும் பாக்காதீக. எம் பிள்ள அங்கன இருந்தா, அவளுக்குக் கேக்குத மாதிரி சொல்லுங்க."