நைனாவின் கால் சொன்ன பதம்

அன்று காலை கழனியில் நின்றவர்கள் நான்கு பேர்: நைனா, அம்மா, சித்தப்பா, நான். அக்கா இல்லை. கம்பெனி பஸ்ஸில் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தாள். நைனாவின் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, வெடிப்புக்கு மருந்து பூசித் திட்டுகிறவள் வீட்டில் அவள் ஒருத்திதான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நான் அப்போது ஐந்தாவது படித்தேன். ஆரம்பாக்கத்துக்கு மேற்கே எங்களுக்கு இருந்த மூன்று ஏக்கர் நான் பிறந்த வருடமே தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிஞ்சியது பத்து சென்ட். அங்கே எழும்பிய ஒரு கம்பெனியின் கேட்டில் நைனா காவலுக்கு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி நேரம், ஒரே பிளாஸ்டிக் நாற்காலி. பசித்தால் பரோட்டா, தூக்கம் வந்தால் சர்க்கரை தூக்கலாக டீ. தொப்பை விழுந்தது. எந்நேரமும் தாகம் என்றார். குனிந்து உழைத்த உடம்பு இப்போதுதான் ஓய்வைப் பார்க்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆனால் சேற்றின் பதம் பார்க்க இன்னமும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வலது காலை இறக்கி, குதிகாலை ஒரு திருப்பு திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இன்றைக்கு நடலாமா, இன்னொரு உழவு வேண்டுமா என்று அந்தக் கால் சொல்லும். அது சொல்லி யாரும் மறுத்ததில்லை.

அந்தப் புரட்டாசியில் எங்கள் நாற்று தயாராக இருந்தது. லாரி நிறுத்த இடம் தேடிய ஒருவருக்கு அந்தப் பத்து சென்ட்டையும் முடித்துக்கொடுக்கச் சித்தப்பா இரண்டு மாதமாக நைனாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் நடட்டும், பிறகு பேசலாம் என்று அம்மா தள்ளிக்கொண்டே வந்தாள்.

நைனா காலை இறக்கினார். திருப்பினார். நான்கு அடி தள்ளிப் போய் மீண்டும் இறக்கினார்.

“ஜில்லுனே இல்ல. மண்ணு செத்துப் பூட்ச்சு.”

சித்தப்பா விடவில்லை. “நான் இன்னா சொல்லிக்கினு கீறேண்ணா? கம்பெனித் தண்ணி எறங்குன மண்ணு. இப்பவே தள்ளிவுட்டா துட்டாவது தேறும்.”

போன வருடம் விளைந்ததே என்று அம்மா முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு வேறு எப்படி நினைப்பது?

நானும் காலை விட்டேன். குளிர் முழங்கால்வரை ஏறியது.

“ஜில்லுனுதான் கீது நைனா.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். “ஷூ போட்டுக்கினு இஸ்கூலுக்குப் போற காலுடா அது. மண்ணப் பத்தி அதுக்கு இன்னா தெரியும்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என்னுடையது ஏட்டுப் படிப்பு. அவருடைய படிப்பு அந்தக் காலில் இருந்தது.

வரப்பில் அவருக்குப் பின்னால் திரும்பி நடந்தேன். வலது கால் பட்ட இடமெல்லாம் சிவப்பு. சொன்னேன். நின்று பாதத்தைத் திருப்பினார். என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பீர் பாட்டில் சில்லு உள்ளே ஏறியிருந்தது. முகம் சுளிக்காமல் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் நைனாவுக்கு வலியே தெரியாது என்று மறுநாள் பள்ளியில் பீற்றிக்கொண்டேன். நம்பாத பையனோடு சண்டை போட்டேன்.

அந்த வாரமே பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். நாற்றை மாட்டுக்குப் போட்டோம். காவல்கார ஷூவுக்குள் மூடிக்கிடந்த புண்ணைப் பத்து நாள் கழித்து அக்காதான் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி நுனியால் பாதத்தை இங்கும் அங்கும் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். சேற்றில் நிற்பதைப் போலவே நைனா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். சர்க்கரை வந்து வருடக்கணக்காகிறது, கால் எப்போதோ மரத்துவிட்டது என்றார் டாக்டர்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கம்பெனித் தண்ணீர்தான் காலையும் சாகடித்துவிட்டது என்று நினைத்தேன். அன்று மண் குளிர்ந்துதான் கிடந்தது என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆயிற்று.

விற்ற பணம் ஆஸ்பத்திரியோடு சரியாகிவிட்டது. மொத்தத்தில் எங்களுக்கு ஆன செலவு பத்து சென்ட் கழனியும், முழங்காலுக்குக் கீழே நைனாவின் வலது காலும்.